திங்கட்கிழமை முதல் வேன் இல்லை

இங்கிலாந்து, நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு, வியோரிகா எழுதுகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

ஸ்டேஷனிலிருந்து எங்கள் தொழிற்பேட்டைக்கு ஒரு வேன் ஓடுகிறதே, அதற்கு இங்குள்ள கம்பெனிகள் சேர்ந்துதான் பணம் போடுகின்றன. இனியும் போடலாமா என்று முதலாளிகள் ஓட்டெடுப்பு வைத்தார்கள். எங்கள் லாண்டரி முதலாளி டெரெக்கிடம் நானே போய்க் கேட்டேன்.

“ஒரு மைல்தானே? காலாற நடந்து வாம்மா” என்றார்.

“அந்த ரோட்டுல நடைபாதையே இல்லைங்க. லாரி உரசிக்கிட்டுப் போகுது.”

“உன்னை உரசுச்சா?”

“இல்லைங்க” என்றுவிட்டேன்.

வேன் பழுதான அன்று ஒரு லாரி என் கோட்டுக் கையைக் கிழித்துக்கொண்டு போனது. சொன்னால், வம்பு எதற்கு என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயம். நீ கவலைப்படாதே, கோட்டு மட்டும்தான் கிழிந்தது, தைத்துவிட்டேன்.

ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டோம், வரும் திங்கட்கிழமை முதல் வேன் இல்லை. டெரெக்கும் வேண்டாம் என்றே போட்டாராம். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் இங்கே இன்னும் விடிவதில்லை.

அப்பா ரயில்வேயில் போட்டிருந்த மஞ்சள் மேல்சட்டை இருந்தால் உடனே அனுப்பு. அதிலுள்ள பட்டை இன்னும் மின்னுகிறதா என்று அறையை இருட்டாக்கி, டார்ச் அடித்துப் பார். தூரத்தில் நின்று பார்.

வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வியோரிகா