முள்ளங்கித் தண்ணீர்

சியோல்
டிசம்பர் 9, 1978, சனிக்கிழமை

அம்மாவுக்கு, உங்கள் மல்ரே வணங்கி எழுதுகிறேன்.

அங்கே பனி கொட்டிவிட்டதா, அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்று நினைத்தேன். கை கேட்கவில்லை. ஓக்பூன் அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கரியடுப்புப் புகை. உயிர் இருக்கிறது. இந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு மேலே படியுங்கள்.

தந்தி அடிக்கும்படி வீட்டுக்காரம்மா சொன்னாள். தந்தியில் "உடனே வரவும்" என்று மட்டும்தான் இருக்கும். நீங்களும் உடனே கிளம்பிவிடுவீர்கள். கிளம்புவதற்கு முன் உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். அதனால்தான் நம் ஊருக்கு ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் ஜோம்ரேயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து அறைக்கு வந்தேன். தையல் ஆலையில் அவளுக்குப் பகல் முறை, எனக்கு இரவு முறை. இருப்பது ஒரே படுக்கை. அவள் எழுந்தால்தான் நான் படுக்க முடியும். அன்று அவள் எழவில்லை. கன்னம் இரண்டும் பழுத்த சீமைப்பனிச்சை மாதிரி சிவந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கப் போவதற்காகக் கன்னச் சாயம் வாங்கி வைத்திருந்தாள். அதைத்தான் பூசிப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். "என்ன மகாராணி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியலையா?" என்று சிரித்துவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போய் வரிசையில் நின்றேன். கால் மணி நேரம் நின்றேன், அம்மா.

செவ்வாய்க்கிழமையிலிருந்தே தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "உன் குறட்டை படுக்கையிலயே ஒட்டிக்கிட்டிருக்குடி, அதான் தலை கனக்குது" என்று என்னைக் கேலி செய்தாள். அது புகை. அறைச் சூட்டுக்காகத் தரைக்கு அடியில் ஓடும் அடுப்புப் புகை, தரைக் காகிதத்துக்குக் கீழே இருந்த வெடிப்பு வழியாக உள்ளே வந்திருக்கிறது. இப்போதுதான் தெரிகிறது.

திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்தேன். ஈரத்துணி மாதிரி விழுந்தது. என் குரல் கேட்டு வீட்டுக்காரம்மா ஓடிவந்தாள். இரண்டு பேருமாக அக்காவை முற்றத்துக்கு இழுத்துப் போட்டோம். "முள்ளங்கித் தண்ணி எங்கடி? பாத்துக்கிட்டு நிக்கிறியே, ஊத்து!" என்று அவள் கத்தினாள். கரிப்புகைக்கு அதுதான் மருந்து என்று, ஏழு அறைகளிலிருந்தும் வெளியே வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் கத்தினார்கள். இலையுதிர்காலத்தில் நீங்கள் முள்ளங்கியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தலையில் சுமந்து வந்து வைத்துவிட்டுப் போன ஜாடிதான். மேலே படிந்திருந்த ஐஸை உடைத்து ஒரு கிண்ணம் முகந்து, அக்காவின் பல்லைப் பிரித்து ஊற்றினேன். தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தது. "பாத்தியா, முழுங்குறா" என்றாள் வீட்டுக்காரம்மா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குவாக் அந்தக் கன்னத்தை ஒரு தடவை பார்த்தார். நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே "கரிப்புகை" என்று சொல்லி, மூக்கிலும் வாயிலும் மூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு டாக்சி டிரைவர் கிடந்தார். அவருக்கும் அதே புகை. அவர் மனைவியை நர்ஸ் பியோ உலுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். "இந்த வாரத்துல நீ மூணாவது ஆளு! மயங்கிக் கிடக்கிற மனுஷன் வாயில ஊத்தினா அது வயித்துக்கா போகும்? நேரா நுரையீரலுக்குப் போகும். முள்ளங்கித் தண்ணி வைத்தியம்னா நாங்க எதுக்கு இங்க? ஜாடியை வச்சுட்டுப் போயிட மாட்டோமா?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ? இவ வாயில ஏதாவது குடுத்தியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அறிமுகமில்லாதவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இது கூச்சம் இல்லை, அம்மா. பயம்.

ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. உள்ளே படுக்க வைத்து மூடி, அழுத்தமாக ஆக்சிஜன் ஏற்றினால் புகை ரத்தத்தை விட்டுப் போகுமாம். அந்த ஆஸ்பத்திரியில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். முதலில் அக்காவின் முறை. மூடிவிட்டால் ஒன்றரை மணி நேரம் யாரும் அவளைத் தொட முடியாது. அவளை உள்ளே தள்ளும்போது அந்தக் களகளச் சத்தம் மறுபடி கேட்டது. என் கை போய் நர்ஸின் சட்டையைப் பிடித்தது. "குடுத்தேன்" என்றேன். "ஒரு கிண்ணம்."

அறைவாள் என்று நினைத்தேன். "இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நேரமாடி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அக்காவை வெளியே இழுத்தாள். தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சினார்கள். தண்ணீரோடு ஒரு முள்ளங்கித் துண்டும் வந்தது. நீங்கள் நறுக்குகிற மாதிரியே மெல்லியதாக இருந்தது. டிரைவருக்கு ஏற்கனவே உறிஞ்சி எடுத்துவிட்டதால் அவரை முதலில் உள்ளே வைத்துவிட்டார்கள். அவர் வெளியே வரும்வரை அக்கா காத்துக் கிடந்தாள். நான் சொல்லாமல் இருந்திருந்தால் உள்ளேயே மூச்சடைத்துப் போயிருப்பாள் என்றார் டாக்டர். கேட்டவுடனே சொல்லியிருந்தால் அவளுடைய முறை போயிருக்காது என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கே தெரியும்.

டிரைவர் நேற்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அக்கா இன்னும் கண் திறக்கவில்லை. நான்கு முறை அந்த இரும்புக் குழாய்க்குள் வைத்து எடுத்துவிட்டார்கள். நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் அடிக்கிறது. நேற்று பாதத்தைக் கிள்ளியபோது காலை இழுத்துக்கொண்டாள். "அது நல்லதும்மா. ஆனா அதுக்கு மேல நான் எதையும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பழகிய குரல் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்கிறார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. நம் வீட்டில் வளர்ந்த நாய்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். என் குரல் அவளுக்குப் போதவில்லை. நீங்கள் வாருங்கள்.

கரிப்புகை என்று படித்த உடனே உங்கள் கால் கொல்லைப்புறத்து ஜாடிகளிடம் போயிருக்கும். எனக்குத் தெரியும். மூடியை மறுபடி போட்டுவிடுங்கள், அம்மா. ஜாடியின் மேல் ஒரு தப்பும் இல்லை. ஊற்றியது என் கை. அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள்: முதலில் கதவைத் திறந்து ஆளை வெளியே இழுக்க வேண்டும், வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

அவள் கண் விழித்ததும் முதலில் அந்தத் தண்ணீரைத்தான் கேட்பாள். அப்போது மூன்று பேரும் சேர்ந்து ஊருக்கு வந்து குடிப்போம். இப்போது எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். உங்கள் இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். அவளைப் பிடித்துக்கொள்ள இரண்டும் வேண்டும்.

உங்கள் கடைசிப் பெண்,
மல்ரே