கழற்றி வைத்த எட்டு போல்ட்

இன்று காலை டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்த எட்டு போல்ட்டும் துரு வாசத்தோடு கிடந்தன. கையில் எடுத்ததும் ஆத்திரம்தான் வந்தது மச்சான், முதலில் என் மேல்.

ஹட்டனில் நாம் வேலை செய்த பெரிய கடையின் வாசல் உனக்கு மறக்காது. இரண்டு கதவுகளுக்கு நடுவே, காற்றும் மழையும் உள்ளே வராமல் தடுக்கும் கண்ணாடிக் கூடம். அதன் இரண்டு பக்கச் சட்டத்திலும் மூலைக்கு மூலை இரும்பைக் குறுக்காகக் கொடுத்து கிராஸ் வைத்தாய். வெல்டிங் நீ, போல்ட் நான். "சட்டம் பாரத்தத் தாங்கிரும் மச்சான். கிராஸ் இல்லாட்டி காத்தத் தாங்காது" என்றாய்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மேனேஜர் வந்து பார்த்தார். சோதனைத் தாளில் பிழை என்று கிராஸ் போட்ட மாதிரி இருக்கிறதாம். நல்ல நேரம் பார்த்துத் திறக்கும் கடை வாசலில் பிழைக் குறியா, கழற்று என்றார். நீ முடியாது என்று சொல்லிவிட்டு உன் ஊர் பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறிவிட்டாய். நான் ஸ்பேனரை எடுத்தேன். "சரிங்க சேர்" என்று வேறு சொன்னேன், வெட்கங்கெட்டவன். போல்ட்டையாவது பத்திரமாக வை, காற்றுக் காலத்துக்கு முன் பூட்டிவிடலாம் என்று நீ போனில் சொன்னாய். வைத்தேன். பூட்டத்தான் இல்லை.

நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. போன வாரக் காற்றில் கூடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடி நொறுங்கியது. சாமான் வாங்க வந்த ஒரு பெண்ணின் கை கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள். வெல்டிங் சரியில்லை, செய்தவனும் இப்போது இல்லை என்று மேனேஜர் ஊரெல்லாம் சொல்கிறார். செத்தவன் வந்து வாய் திறக்கமாட்டான் என்ற தைரியம். என்ன மனுஷன் இவன்?

உன் மனைவி அதை பஸ்ஸில் கேட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தது. அழவில்லை.

"அவரு வேல அப்புடியாண்ணே?"

போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். சாய்ந்த சட்டத்தில் உன் வெல்டிங் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. போல்ட் ஓட்டைகளைத்தான் பெயின்ட் பூசி மறைத்திருக்கிறார்கள். கழற்றிய இரும்பு கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் கொட்டகைக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. அந்தக் கொட்டகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாளை நகரசபையிலிருந்து விசாரிக்க வருகிறார்கள். இந்த எட்டையும் அவர்கள் முன்னால் வைத்து, சொன்னது அவர், கழற்றினது நான் என்று சொல்லப் போகிறேன். பிறகு இந்த டவுனில் எனக்கு யாரும் வேலை தரமாட்டார்கள். தராமல் போகட்டும்.

அதற்கு முன் இன்றைக்கே பூண்டுலோயா போக வேண்டும். என்னை அண்ணே என்று கூப்பிட்ட பிள்ளையிடம், நீ செய்த வேலையைக் கெடுத்தவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். போல்ட் எட்டும் சட்டைப்பையில் கனக்கின்றன.