காலுக்கு அழுத அழுகை

மார்ச் 4, செவ்வாய்
அவர் போய் இன்றோடு பத்து நாள். படுத்தால் இடது கால் எரிகிறது, அலறிவிடுகிறேன். கட்டிலில் தொங்கப்போட்டால்தான் அடங்குகிறது. நான் அலறினதும் துக்கத்துக்கு வந்தவர்களும் சேர்ந்து அழுகிறார்கள். நாத்தனார் பூவம்மாவுக்குப் பெருமை. "எங்க அண்ணி மாரி புருசனுக்கு அயுவுறவ எர்ணாவூர்லயே கெடையாது."
கால்வலி என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்
கட்டைவிரல் கறுத்ததை மகள் செங்கொடி பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, கம்பி விட்டு, உள்ளே பலூன் ஊதி வழி பண்ணுவார்களாம். "தள்ளிப்போட்டா காலையே எடுக்கணும்மா. வெள்ளிக்கிழமை வாங்க," என்றார் டாக்டர்.

மார்ச் 6
நேற்று வாசல் தாண்டினதே தப்பாம். "பதினாறு முடியல, அதுக்குள்ள பலூன் ஊதப் போறியா அண்ணி?"
"அத்தே, அது பொறந்தநாளு பலூன் இல்ல."
"எதுவா இருந்தா இன்னா? துக்க வூட்ல பலூன் பலூன்தான்."

மார்ச் 7, வெள்ளி
போனேன். விரலைப் பார்த்த பயம். மரத்துப்போக மட்டும் ஊசி. டிவியில் என் கால்! மருந்து விட்டால் ரத்தம் ஓடுகிற வழி கறுப்புக் கோடாகத் தெரியுமாம்; முட்டிக்குக் கீழே கோடே இல்லை. பலூன் ஊதினதும் கறுப்புக் கோடு பாதம் வரை ஓடியது. சிரிப்பு வந்துவிட்டது. துக்கக்காரி சிரிக்கலாமா? உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்கணும். துக்கம் கேட்க ஒன்பது பேர் வார்டுக்கே வந்து, கட்டிலைச் சுற்றி மாரடித்தார்கள். யாரையோ பார்க்க வந்த பெரியவர் என்னைக் கும்பிட்டார். நானும் படுத்தபடியே கும்பிட்டேன். ஓடிவிட்டார்.
நர்ஸ் கத்தினாள்: "இவங்க உசுரோட கீறாங்கம்மா, போங்க!"

மார்ச் 8
வலி இல்லை. சுத்தமாக இல்லை.

மார்ச் 10, திங்கள்
காரியம். எனக்கு அழுகையே வரவில்லை. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.
"அதுக்குள்ள காஞ்சி போச்சா அண்ணி?" பூவம்மா.
இத்தனை நாளும் காலுக்குத்தான் அழுதேனா? அவருக்கு ஒரு சொட்டுகூட இல்லையா? முப்பத்தெட்டு வருசம் கூட வாழ்ந்த மனுசன்யா அது — இன்னா பொம்பள நானு? முந்தானைக்குள் கையை விட்டுக் கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. அழுகை வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி
விரல் புண் ஆறி வருகிறது. மீன் வாங்க நடந்தே போனேன். முன்பெல்லாம் நாலு கம்பத்துக்கு ஒருதரம் கால் இழுக்கும், நிற்பேன். அவரும் நிற்பார். ஏதாவது கடையைப் பார்க்கிற மாதிரி. இன்றைக்கு எங்கேயும் நிற்கவில்லை. மார்க்கெட் வந்ததும், இவர் எந்தக் கடையில் நின்றுவிட்டார் என்று திரும்பிப் பார்த்தேன்.
அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அலறினேன்.
மீன்காரர் கஸ்பார் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "இன்னாக்கா, காலு வலிக்குதா?"
இல்லை என்று தலையாட்டினேன்.