உறவும் சண்டையும் வெளியே

மார்ச் 4, செவ்வாய்

என் பழைய பேங்க் இருந்த கட்டடத்தில் செருப்புக்கடை திறந்துவிட்டார்கள். நான் வருடக்கணக்கில் நோட்டு எண்ணிய இடத்தில் இப்போது ஒருவர் குனிந்து கால் அளவு எடுக்கிறார். கிளையை மூடியபோது எங்களுக்குச் சொன்ன காரணம், "இந்தப் பகுதியில் லாபம் இல்லை" என்பது. அப்படியா? அதே பகுதி, அதே ஜனங்கள். ஆளுக்கு முடிந்ததைச் சேமிப்பாகப் போட்டு, தேவைப்பட்டவர் அதிலிருந்து கடன் எடுத்து, வருகிற வட்டியை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டு, எங்கள் கடன் சங்கம் சொந்தக் காலில் நிற்கிறது. பேங்க் ஏலம் விட்ட கவுண்டர் மேஜையைக்கூட நாங்கள்தான் வாங்கினோம். அதே மேஜை, அதே நான். சம்பளம் பாதி, மரியாதை இரண்டு பங்கு.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் தலைக்கனமாகத்தான் தெரிகிறது. இருக்கட்டும், என் டைரிதானே.

சாயங்காலம் அக்கா வந்தாள். அவள் வேலை செய்யும் சலவைக்கடையை முதலாளி விற்கிறார். வயதாகிவிட்டது, மகனோடு போய் இருக்கப் போகிறாராம். மாதக் கடைசிக்குள் பணம் கட்டினால் மெஷின், கடை எல்லாம் அக்காவுக்கு. இல்லையென்றால் வேறு ஒருவர் தயாராக இருக்கிறார். அவர் சொந்த ஆட்களோடு வருவார். அக்கா பேங்குக்குப் போன் போட்டிருக்கிறாள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று மெஷின் பேசி, கடைசியில் ஒரு பையன் குரல்: இதுவரை எங்கேயும் கடன் வாங்கியதில்லை, அதனால் கடன் தர முடியாது.

"கடன் வாங்காம இருந்தது ஒரு குத்தமாடி?" என்றாள்.

எங்கள் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. கடன் கேட்கிறவர் கமிட்டி முன்னால் உட்கார வேண்டும். கமிட்டியில் ஐந்து பேர். கேட்கிறவரோடு உறவு உள்ளவரும், சண்டை உள்ளவரும் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும். மிச்சம் மூன்று பேராவது இருந்தால்தான் முடிவு செல்லும். முதல் வருடம் மச்சானுக்கு மச்சான் கடன் கொடுத்தும், பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மறுத்தும் பட்டதெல்லாம் போதும் என்று நான்தான் அந்த விதியை எழுதினேன். பெருமையாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதும் நான்தான்.

இன்று அக்கா வந்து உட்கார்ந்தாள். "உறவு. கூடப் பிறந்தவள்" என்று நான் எழுந்தேன். டெய்லர் எழுந்தார்: "சண்டை. ஒரு கோட்டு விஷயம்." (வாடிக்கையாளருக்கு அவர் தைத்த கோட்டு, அக்கா தேய்த்தபோது கறை பட்டது. யார் தப்பு என்று சண்டை.) மருந்துக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எழுந்தார்: "எனக்கும் சண்டைதான். ஸ்கூட்டர் விஷயம்." உள்ளே மிஞ்சியது டீச்சரும் பஸ் டிரைவரும். இரண்டே பேர்.

தெருவில் அக்காவுக்கு 'மிளகாய்' என்று பெயர். சும்மாவா வைத்தார்கள்?

வெளியே மாடிப்படியில் நாங்கள் மூவரும் கைகட்டிக்கொண்டு நின்றோம். உள்ளேயிருந்து டிரைவரின் சத்தம்: "கோரம் இல்லை, மூணு பேர் வேணும்! அடுத்த செவ்வாய்!" அக்கா எங்களைத் தாண்டி இறங்கிப் போனாள். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தையும்.

மார்ச் 12, புதன்

டீச்சர் வந்து நல்லவிதமாகத்தான் சொன்னார்: "டெய்லர் சும்மா உக்காந்திருக்கட்டும். சண்டைய யாரு வந்து அளந்து பாக்கப் போறாங்க? இந்த ஒரு தடவைதானே."

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு முடியாது என்றேன். என் அக்காவுக்காக விதி வளைந்தால், நாளைக்கு எல்லோருக்கும் ஓர் அக்கா இருப்பாள்.

ராத்திரி அக்கா வீட்டுக்குப் போனேன். டெய்லரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடேன், வாய் தேய்ந்தா போகும் என்றேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"கடனுக்காகக் கேட்டா அது மன்னிப்பு இல்லடி. லஞ்சம். அந்தக் கோட்டுல கறை படிஞ்சது அவரு கோடு போடற சாக்கட்டியாலதான். நான் எதுக்குக் கேக்கணும்? நீ உன் சட்டத்த விடமாட்ட. நான் என் நாக்க விடமாட்டேன். போ."

கதவைச் சாத்திவிட்டாள். என் பங்குக்கு நானும் கத்திவிட்டுத்தான் வந்தேன். கட போயிடும்டி, வேல போயிடும், அப்புறம் இந்த ரோஷத்த வெச்சு என்ன பண்ணுவ? தெருவெல்லாம் கேட்டிருக்கும்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. லஞ்சம் என்றாளே. இதைத்தானே நான் வேறு வார்த்தையில் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறேன்? கோபம் ஒரு பக்கம். இவள் என் அக்கா என்று ஒரு கர்வம் இன்னொரு பக்கம்.

மார்ச் 13, வியாழன்

நான் அவள் கடைப் பக்கம் போகவில்லை. அவளும் வரவில்லை.

மார்ச் 15, சனி

லஞ்சம் என்று அக்கா சொன்னது எப்படியோ டெய்லர் காதுக்குப் போயிருக்கிறது. (நான் டிரைவரிடம் மட்டும்தான் சொன்னேன். அவரிடம் சொன்னால் பஸ்ஸில் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்.) காலையில் சலவைக்கடை திறக்கும்போதே டெய்லர் கையில் சாக்கட்டியோடு வாசலில் நின்றார். நான் பால் வாங்கப் போனவள், பாலை மறந்து நின்றுவிட்டேன்.

"என் சாக்கட்டிதானே கறை? வாங்க, பாத்துடலாம். காலையில முதல் துணியா அன்னைக்கு என் கோட்டத்தான் தேய்ச்சீங்க. இன்னைக்கும் முதல் துணியாவே தேய்ங்க."

அக்கா சளைத்தவளா? வெள்ளைத் துணியில் இரண்டு துண்டு கிழித்தாள். ஒன்றில் சாக்கட்டியால் கோடு போட்டாள். இன்னொன்றை வெறுமனே விட்டாள். கோடு போட்டதில் மட்டும் கறை வந்தால் டெய்லர் தப்பு. அதற்குள் அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது. நீராவி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, முதலில் கோடு போட்ட துண்டைத் தேய்த்தாள். பழுப்பாக ஒரு பொட்டு. "பாத்தீங்களா!" என்று தெருவே அதிரக் கத்தினாள். பிறகு வெறும் துண்டைத் தேய்த்தாள்.

அதிலும் பழுப்புப் பொட்டு. ஒன்றல்ல, மூன்று.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் வரும் குழாய் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. ராத்திரி முழுக்கத் தேங்கிய தண்ணீர், காலையில் முதலில் தேய்க்கும் ஒன்றிரண்டு துணியின் தலையில் சொட்டுகிறது. அதற்குப் பிறகு வரும் துணிக்கு ஒன்றும் ஆகாது.

இத்தனை பேர் பார்க்க, தன்னைப் பற்றி முடிவு சொல்ல வேண்டிய ஆளின் முன்னால், தன் தொழிலிலேயே தப்பு. இனி என்ன சொல்லிச் சமாளிப்பாள்?

அக்கா சமாளிக்கவில்லை. "தப்பு என்னுதுதான்" என்றாள். கத்தினாளே, அதே சத்தத்தில். கடைசியில் நிற்பவருக்கும் கேட்கட்டும் என்று. "அந்தக் கோட்டுக்காரருக்கு நீங்க கைக்காசு கட்டினது எவ்வளவு?"

டெய்லர் தொகையைச் சொன்னார். உள்ளே போய்த் தன் பையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். கடை வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசு அது.

"மன்னிச்சுக்கங்க. இது கடனுக்காக இல்ல."

"தெரியும்மா. கடனுக்குன்னா புதன்கிழமையே வந்திருப்பீங்க."

வீட்டுக்கு வந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. பால் வாங்க மறுபடியும் போக வேண்டியிருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

அக்கா கமிட்டி முன்னால் உட்கார்ந்தாள். "உறவு" என்று நான் எழுந்தேன். டெய்லர் நாற்காலியை மேஜைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். மருந்துக்கடைக்காரர் எழுந்து என் பின்னாலேயே படிக்கு வந்தார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார். நான் கேட்டே விட்டேன்: "அண்ணே, உங்க சண்ட அப்படியேதான் இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு. நான் ஸ்கூட்டர நிறுத்துனா உங்கக்கா அதுமேல ஈரப் போர்வைய காயப் போடுது. எப்படித் தீரும்?" குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவரே சொன்னார்: "ஆனா கடன் கெடைக்கணும். உள்ள இருந்தா எனக்குக் கோவத்துல ஏதாவது தோணிடும். அதான் இங்க நிக்கறேன்."

எந்தப் பேங்கில் இப்படி ஒரு மனிதர் பாதி நனைந்துகொண்டு நிற்பார்? இதைத்தான் நான் அந்தச் செருப்புக்கடை வாசலில் நின்று உரக்கச் சொல்ல நினைக்கிறேன்.

உள்ளே டெய்லரின் குரல்தான் அதிகம் கேட்டது. விடாமல் கேள்வி. வாடகை எவ்வளவு, விடுதிக்காரர்கள் துணி தருவது நிச்சயமா, மெஷின் நின்றால் யார் பார்ப்பது. அக்காவும் விடாமல் பதில். பிறகு அவர், "அந்தத் துருக் குழாய மாத்தற செலவு மனுவுல இல்லையே. அதையும் சேர்த்து எழுதுங்க, அது இல்லாம கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார்.

கேட்டதைவிடக் கூடவே கடன் சம்மதமாயிற்று. மூன்று கையெழுத்து. என்னுடையது இல்லை. அதுதான் எனக்குப் பெருமை.

படியில் அக்கா என்னைத் தாண்டும்போது நின்றாள். "உன் சட்டம் பரவால்லடி" என்றாள். அவள் வாயிலிருந்து இது வருவது பெரிய விஷயம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சலவைக்கடைச் சாவி அக்கா இடுப்பில். முட்டாள்கள் தினம் என்று டிரைவர் கேலி செய்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

போன மாதப் பொதுக்குழுவில் டீச்சர் ஓய்வு கேட்டார். அவர் இடத்துக்கு அக்கா பெயரைச் சொன்னது டெய்லர். கை தூக்கத் தயங்கியவர்கள்கூட அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயத்தில் இரண்டு கையையும் தூக்கினார்கள். கடன் இதுவரை ஒரு தவணை தவறவில்லை.

இன்று அவளுக்கு முதல் கமிட்டிக் கூட்டம். மனு ஒன்றே ஒன்று. மருந்துக்கடைக்காரர், ஊசி மருந்து வைக்கப் புது ஃபிரிட்ஜ் வாங்க. கமிட்டி நாற்காலியை விட்டு எழுந்து எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மனிதருக்கு வியர்த்துவிட்டது.

யாரும் வாய் திறக்கும் முன் அக்கா எழுந்தாள்.

"சண்டை. ஸ்கூட்டர் விஷயம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

டெய்லர், டிரைவர், நான். மூன்று பேர் போதும். ஆனால் நான் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் வாங்கி வாசித்தார். ஒரு குறையும் இல்லாத மனு. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து அவள் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது: "இன்னும் எவ்வளவு நேரம்? ஃபிரிட்ஜு இல்லாம ஊசி மருந்தெல்லாம் கெட்டுப் போயிடும், சீக்கிரம் குடுத்து அனுப்புங்க!"

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வெளியே மழை. அக்கா படியோரம் நின்று, சலவைத் துணி சுற்றித் தரும் பிளாஸ்டிக் உறை ஒன்றை மருந்துக்கடைக்காரரின் ஸ்கூட்டர் சீட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சண்ட தீந்துடுச்சா?"

"யாரு சொன்னா?" என்றாள், நிமிராமலேயே. "சீட்டு நனையுது. அது வேற."