ரேகை விழாத கட்டைவிரல்

கூட்டாளி,

நேற்று அடையாள அட்டை புதுப்பிக்கக் கோலசிலாங்கூர் பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். முகப்பில் நம்மவர் பெண் ஒருத்தி. கட்டைவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். மிஷின் சிவப்பு விளக்குப் போட்டது. விரலைத் துடைத்தாள், ஊதச் சொன்னாள், அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. “அங்கிள், உங்களுக்கு ரேகையே இல்லயே லா” என்றாள். எனக்கு உன் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை.

எண்பதுகளில் நம் ரப்பர் தோட்டத்திலிருந்து காலேஜுக்குப் போனவன் நீ ஒருத்தன்தான். குற்றவியல் நீதி படிக்கிறாய் என்றதும், லயத்து வீடுகளில் எல்லாரும் அது போலீஸ்காரன் படிப்பு என்று நினைத்தார்கள். நான்தான் எடுத்துச் சொன்னேன்: “போலீஸ் என்ன போலீஸ்? நீதிபதிக்கே இவன்தான் பாடம் எடுக்கப் போறான்.” ஆறாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் இதெல்லாம் எனக்கு அத்துப்படி. நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். “பார்த்தத மட்டும் சொல்லுடா. கதை கட்டாத.”

ஒரு லீவுக்கு மைப்பலகையும் அட்டைகளுமாக வந்து இறங்கினாய். பத்துப் பேரின் கைரேகையைப் பதித்துக்கொண்டு போக வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம். லயமே வரிசையில் நின்றது. வருகிற மாதம் பினாங்குக்குப் போகலாமா என்று உன்னிடம் ஜோசியம் கேட்டவர்கள்கூட உண்டு. முதல் அட்டை என்னுடையது.

அடுத்த வாரமே முகம் வெளிறித் திரும்பி வந்தாய்.

“மச்சான், எல்லா அட்டையிலயும் வெறும் கறுப்புத் திட்டுதான். சோம்பேறித்தனமா மை பூசியிருக்கேன்னு வாத்தியாரு சத்தம் போடுறாரு. சரியா குடுக்கலன்னா பெயிலு. பெயிலானா உதவிப் பணத்த நிறுத்திருவாங்க. அப்புறம் இங்க வந்து உன்கூட பால் தூக்க வேண்டியதுதான்.”

“எங்கூட பால் தூக்குறதுக்கு உனக்கு என்னடா தகுதி இருக்கு?”

நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்கு உறைத்தது. உன் உள்ளங்கையையும் என் உள்ளங்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சின்ன வயதிலிருந்து பால்மரம் சீவி, ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் ஆசிட்டை அளந்து அளந்து, என் விரல் நுனியெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. “அட்டைய விடு. விரலையே கொண்டுபோய்க் காட்டுவோம்” என்றேன். அந்த மூளை யாருக்கு வரும், சொல்!

கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு உன் காலேஜுக்குக் கிளம்பினேன். ஈஜோக் பக்கம் பஸ் படுத்துவிட்டது. ஒற்றைக் கையால் தள்ளினேன். (தெரியும், நாலு பேர் தள்ளினார்கள் என்பாய்.) வகுப்பில் ஐந்நூறு மாணவர்கள். உன் வாத்தியார் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசையே ஒரு முழம். என் விரலை அவரே பிடித்து மையில் உருட்டினார். சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி உருட்டினார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் பார்த்தார். அதே கறுப்புத் திட்டு.

வாத்தியார் விரலை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பினார். “சரி, இந்த ஆள் திருடினால் நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்?”

நீ யோசிக்கவே இல்லை. “தேட வேண்டியதில்ல சார். ரெண்டு நாள் பொறுத்தா போதும். காப்பிக்கடையில உட்கார்ந்து அவனே எல்லாருக்கும் சொல்லிருவான்.”

வகுப்பு அதிர்ந்தது. வாத்தியார் மீசையும் குலுங்கியது. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உன் தோளைத் தட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் மரத்துக்காரர்களின் கை ஏன் இப்படி ஆகிறது என்று நீ எழுதிக் கொடுத்தாய், பாஸானாய். பிறகு நன்னடத்தை அதிகாரியாகி எத்தனையோ பையன்களை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றினாய். அத்தனைக்கும் காரணம் என் கட்டைவிரல் என்று உன் சாவு வீட்டில்கூடச் சொன்னேன். உன் பெண்சாதி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

வாத்தியார் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த அந்த முதல் அட்டை இன்னும் என் பர்ஸில்தான் மடித்து இருக்கிறது. நேற்று அந்தப் பெண்ணிடம் எடுத்துக் காட்டினேன். பத்துக் கட்டத்திலும் கறுப்புத் திட்டு. கீழ் மூலையில் மட்டும், சுழி சுழியாக, பளிச்சென்று ஒரு கட்டைவிரல். நீ மைக்கையோடு அட்டையைப் பிடித்த இடம்.

“இது மட்டும் நல்லா விழுந்திருக்கே, யாரோடது அங்கிள்?”

“என் கூட்டாளியோடதும்மா.”

மேலே ஒன்றும் சேர்க்கத் தோன்றவில்லை.

அலுவலகத்தை விட்டு வெளியே வந்து காப்பிக்கடையில் உட்கார்ந்தேன். கதை ஆரம்பமாகி, வகுப்பில் மாணவர்கள் அறுநூறு பேராகிவிட்டார்கள். முப்பது பேர்தான் என்று திருத்துவதற்கு அங்கே ஆள் இல்லை. வந்து திருத்தேன்டா, பார்க்கலாம்.