நீங்கள் சொல்லாமல் போன பாறை

என்னங்க,

உங்களைத்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, இப்போது மட்டும் எப்படி வரும்?

போன வாரம் நம் தெருவுக்குள் ஒரு சாரைப்பாம்பு வந்துவிட்டது. ஆளாளுக்குக் கட்டையோடு நின்றார்கள். "அதுக்கு விஷமே இல்லைங்க, எலி தேடி வந்திருக்கும், அது பாட்டுக்குப் போயிரும்" என்று நான்தான் குறுக்கே நின்றேன். நானா இது என்று எனக்கே ஆச்சரியம். மேலே பல்லி விழுந்தால் காலண்டரைப் புரட்டிப் பலன் பார்க்கும் வீட்டில் பிறந்தவள் அல்லவா? பாம்பு காம்பவுண்டுச் சுவர் ஓட்டைக்குள் நுழைந்ததும், உங்களிடம் சொல்ல உள்ளே ஓடினேன். ஹாலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் "பாம்பா?" என்றுதான் கேட்டார்கள். எனக்கு வந்த எரிச்சல்! லீவு நாள் தவறாமல் பாம்பையும் ஓணானையும் தேடிப் புதர் புதராக அலைந்த மனிதரை அவை ஒன்றும் செய்யவில்லை. நெஞ்சு வலி என்று கம்பெனியிலிருந்து நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான்.

உங்கள் கேமராவில் கடைசியாக இருந்தது ஒரு பாறை ஓணான். முதுகெல்லாம் சிவப்பு, விலாவெல்லாம் கருப்பு, தலையைத் தூக்கி உங்களையே முறைக்கிறது. பெண் ஓணானைக் கவரும் பருவத்தில் மட்டும் ஆணுக்கு இந்த நிறம் வரும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அன்றைக்கு முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வந்து, சாப்பிடக்கூட உட்காராமல் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். எங்கே எடுத்தது என்று கேட்டேன். "கிருஷ்ணகிரி மாவட்டத்துலதான்" என்று சிரித்தீர்கள். கட்டின பெண்டாட்டியிடமுமா?

இடத்தைச் சொல்லக் கூடாது என்பது உங்களோடு பாம்பு, ஓணான் படம் எடுக்கும் கூட்டாளிகளின் வழக்கம். சொன்னால் ஆட்கள் வந்து கல்லைப் புரட்டுவார்கள், பிடித்து விற்கிறவனும் பின்னாலேயே வருவான் என்பீர்கள். அதனால் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடும் படத்துக்குக் கீழே மாவட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். போதாக்குறைக்குப் பின்னணியை மங்கலாக்குவதுதான் அழகு என்று வேறு. ஓணானின் செதில் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஊர் எது, மலை எது என்று ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு அந்தப் பாறைக்குப் போக வேண்டும் போலிருந்தது. நீங்கள் கடைசியாகக் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்ட இடம். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், வேறொன்றும் கேட்கவில்லை. உங்கள் கூட்டாளிகளைக் கேட்டால், "எங்ககிட்டயும் சொல்லலக்கா" என்று கையை விரித்தார்கள்.

லீவு நாளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். சூளகிரிப் பக்கம் ஒரு நாள், காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு நாள். இந்த மாவட்டத்தில் பாறைக்கா பஞ்சம்? பாதிப் பாறையில் குவாரி, மீதியைச் சுற்றி பிளாட் போட்டு நட்ட கல். படத்து ஓணானைக் காட்டினால் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் புத்தி வந்து உங்கள் படத்தைக் காட்டத் தொடங்கினேன். "இவர் இங்க வருவாரா?" என்றுதான் கேட்பேன். வந்தாரா என்று வாயில் வரவில்லை.

கடைசியில் ஆடு மேய்க்கிற ஒரு அம்மா, உங்களைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அட, இந்த சாருதானா! வெயில்ல கல்லு மேல குப்புறப் படுத்துகினு கெடப்பாரு. மொத நாளு செத்துட்டாருன்னு பயந்துபோயி கிட்டப் போனேன். 'சத்தம் போடாதம்மா, ஓணான் ஓடிரும்'னாரு!"

அவளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பாறை சுட்டது. உட்காரத்தான் வந்தேன், ஆனால் அவள் ஆடுகளைப் பார்க்கப் போனதும் நானும் குப்புறப் படுத்துவிட்டேன். நீங்கள் அங்கே என்ன நினைத்துக்கொண்டு கிடப்பீர்கள்? என்னை ஒரு தடவையாவது நினைத்திருப்பீர்களா? சேலை முந்தானைக்குள் முகத்தை வைத்துக் கொஞ்சம் அழுதேன். நிமிர்ந்தால் எதிர்க்கல்லில் சிவப்பாக அவன்! தண்டால் எடுக்கிற மாதிரி எழுந்து எழுந்து தாழ்ந்தான். அவசர அவசரமாக உங்கள் கேமராவை எடுத்து அமுக்கினேன். படம் ஆடிப்போய்விட்டது, திட்டாதீர்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டாள். "சாரு எங்கம்மா, ஆளையே காணோம்?"

"ஷிஃப்ட் மாத்திட்டாங்க. லீவே கெடைக்க மாட்டேங்குது" என்றேன். அப்படியே சரளமாக வந்துவிட்டது.

"அதுக்கென்ன, லீவு கெடைக்கறப்ப வரட்டும். நான் கேட்டேன்னு சொல்லு" என்று ஆட்டைத் திருப்பிக்கொண்டு போனாள்.

சொல்லிவிட்டேன். அவள் உங்களைக் கேட்டாள்.

ஆடிப்போன படத்தைக் குரூப்பில் போட்டதும், "எந்த இடம்க்கா?" என்று எத்தனை பேர்! கிருஷ்ணகிரி மாவட்டம் என்று மட்டும் போட்டேன். இந்தக் கடிதத்தையும் நாலு பேர் படிப்பார்கள், அதனால் இங்கேயும் எழுதமாட்டேன். வீட்டில் உங்கள் படத்துக்கு மாலை போட்டாயிற்று, கம்பெனியில் உங்கள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அந்தப் பாறையில் மட்டும்தான் நீங்கள் இன்னும் லீவு கிடைக்காமல் இருக்கிறீர்கள். அந்த இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன், சத்தியம்.

உங்கள் பெண்டாட்டி,
கமலா