உன் மேசையில் இருக்கும் கட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டேன், கோர்ட்டுக்குள் போனால் போனை அணைத்துவிடுவாய் என்று தெரியும், அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், வெளியே வந்ததும் முதலில் இதைப் படி. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் நேற்றும் சொல்பேச்சுக் கேட்காமல் ஏணியில் ஏறினார், அது கிடக்கட்டும்.

நேற்று சாயங்காலம் என் டைப்பிங் கடைக்கு வழுக்கை வக்கீல் வந்தார், உன்னை உன் சீனியரிடம் சேர்த்துவிட்டாரே அவர்தான். பிரமாணப் பத்திரம் அடிக்கக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இந்தக் காலத்து ஜூனியர்களுக்கு வந்த அன்றைக்கே சம்பளம் வேணுமாம், நாங்களெல்லாம் அஞ்சு வருஷம் சம்பளமில்லாமலே சீனியரோட கேஸ் கட்டுத் தூக்கினோம் என்று ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று வருஷமாக உழைக்கிறாய், வாங்குவது அறை வாடகைக்குப் போனால் பஸ்ஸுக்குப் பத்தாது. யாரிடமும் மூச்சு விடாதே அம்மா என்று நீ சொன்னது மறந்தே போச்சு. என் பெண்ணுக்கு நாலு மடங்கு சம்பளத்தில் கம்பெனி வேலை வந்திருக்கு சார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும் என்று சொல்லி, கம்பெனி பேரையும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மனுஷர் முகமே மாறிவிட்டது. அந்தக் கம்பெனி மேலதானேம்மா உங்க பொண்ணோட சீனியர் கேஸ் நடத்துறாரு, அந்தக் கேஸ் கட்டே உங்க பொண்ணுகிட்டதான் இருக்கு என்றார். நாளை மதியம் சாப்பாட்டு வேளையில் அந்த சீனியரோட பேசுவேன், அதுக்குள்ள அவளே சொல்லிட்டா நல்லது, இல்லேன்னா நான் சொல்லித்தான் ஆகணும் என்று எழுந்து போய்விட்டார். ராத்திரியே உனக்குச் சொல்லியிருக்கணும். இரண்டு தடவை போனை எடுத்து, வெட்கத்தில் கீழே வைத்துவிட்டேன். அவர் சொன்ன மதியம் இன்றைக்குத்தான், இப்போதே மணி பதினொன்றரை.

எனக்கு ஒரே பயம்தான். படித்துவிட்டு வேலையில்லாமல் எத்தனையோ வக்கீல்கள் என் கடை வாசலில் நிற்கிறார்கள், உனக்கு மட்டும் வலிய வந்து நாலு மடங்கு தருகிறார்கள் என்றால் அது உன் படிப்புக்கா, உன் மேசையில் இருக்கும் அந்தக் கட்டுக்கா? இது தெரிந்துதான் மூச்சு விடாதே என்றாயா? பதிலை எனக்குச் சொல்லவேண்டாம், உன் சீனியரிடம் சொல். திட்டுவார், வாங்கிக்கொள். கம்பெனி வேலை போனால் போகட்டும், இந்த வேலையே போனாலும் இன்னொரு இடம் கிடைக்கும். நம்பிக் கேஸ் கொடுத்த கட்சிக்காரரை விற்றவள் என்று பேர் வந்தால் எந்தக் கோர்ட்டிலும் உனக்கு நாற்காலி கிடையாது. தெரிந்தே செய்திருந்தாலும் நீ என் பெண்தான், அதில் மாற்றமில்லை.

நல்லா இருப்பாய் கண்ணு, தலை நிமிர்ந்து இருப்பாய். உன்னைப் பெற்ற நாளிலிருந்து சொல்லாத ஒன்றை இன்று சொல்கிறேன், சாப்பாடு அப்புறம், முதலில் போய்ப் பேசு.

மேலே எழுதியதெல்லாம் உண்மை என்று கையெழுத்திடும்,
உன் அம்மா